துணைக்குப் போன நால்வர்

மிருணாளினி அம்மாவின் தலையை யாரோ வாரிவிட்டிருந்தார்கள்.

குசினியில் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு அறைக்குள் நுழைந்த பவளத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். காலையில் சிக்குப் பிடித்துத் தலையணையோடு அப்பிக் கிடந்த நரைமுடி, நெற்றியிலிருந்து நேர்வகிடு எடுக்கப்பட்டு, ஒரு மயிர் பிசகாமல் படிய வாரப்பட்டு, உச்சியில் இறுக்கிச் சுருட்டி முடியப்பட்டிருந்தது. அப்படி முடியப் பவளத்துக்குத் தெரியாது. அவள் அறிந்த எந்தப் பெண்ணும் அப்படி முடிந்ததில்லை. கட்டிலில் கிடப்பவருக்கோ கைகள் இரண்டும் ஓய்ந்து மாதங்களாகிவிட்டன. வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

“ஆரம்மா உங்களுக்குத் தலை இழுத்துவிட்டது?”

“நீதான். வேற ஆர்?” கண்ணைத் திறக்காமலே கிழவி சொன்னார். “இண்டைக்குத்தான் மனுசர் மாதிரி இழுத்திருக்கிறாய். மற்ற நாளில குருவிக்கூடு.”

மறுத்துப் பேசுவது அந்த வீட்டில் பவளத்தின் வேலைகளுள் ஒன்றன்று. சீப்பைத் தேடினாள், அது வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்து முகர்ந்தாள். விறகுப் புகையும் நனைந்த கம்பளியும், அவற்றுக்கு அடியில் ஏதோ விலங்கின் வியர்வையும் கலந்தாற்போன்ற வாடை. குளிர்காலத்துக்கென்று சன்னல்கள் அனைத்தையும் இறுக மூடி, காலைமுதல் ஹீட்டரை ஓடவிட்டிருந்த வீட்டுக்குள் அந்த வாடை எந்த வழியாக வந்திருக்க முடியும் என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு கஞ்சி ஆறிவிடும் என்று நினைவு வந்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அது மெல்பேர்ன் புறநகரான ட்ருகனினாவில், பொருட்கிடங்குகளுக்கும் அரைகுறையாய் எழுந்து நின்ற மரச்சட்ட வீடுகளுக்கும் நடுவே, புதிதாய்ப் போட்ட ஒரு தெருவின் கடைசி வீடு. வாடகைக்கு விடுவதற்கென்று வாங்கிய அந்த வீட்டில், வாடகைக்கு ஆள் வராத காலத்தில், பெற்ற தாயைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார் பல் வைத்தியர் வரதராஜா. மெல்பேர்ன் நகரத்தின் மறுகோடியில் மாடியும் நீச்சல் தடாகமுமாய் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே நோயாளியின் வாடை அவருடைய மனைவிக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலின் ஓரம்வரை வந்து, தாயின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். இத்தகைய மகன்களைத்தான் நம்மவர்கள் சங்க மேடைகளில் ஏற்றி மாலை சூட்டுகிறார்கள்.

வேலைக்கு வந்த முதல் நாள் பவளம் கிழவியை ‘அன்ரி’ என்றுதான் கூப்பிட்டாள். அந்த நகரத்தில் வயதில் மூத்த தமிழ்ப் பெண் யாராயிருந்தாலும் அன்ரிதானே? வரதராஜா அவளைக் கராஜுக்குள் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் திருத்தினார்.

“அன்ரி எண்டு சொந்தக்காரர் கூப்பிடுறது. நீர் அம்மா எண்டு சொல்லும். அவ கூப்பிட்ட உடன ‘வாறன் அம்மா’ எண்டு சத்தம் குடுக்கவேணும். எங்க நிண்டாலும், சரியோ? இல்லாட்டி அவ பயந்திடுவா.”

அன்றிலிருந்து அவள் சத்தம் கொடுத்தாள். குசினியிலிருந்து கொடுத்தாள், குளியலறைக்குள் சவர்க்கார நுரை கண்ணில் எரிய நின்றும் கொடுத்தாள், உறக்கத்திலும் கொடுத்தாள். போகப்போக, கிழவி தன் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே, அவளைக் கேளாமல் அவளுடைய வாய் தானாகத் திறந்து பதில் சொல்லப் பழகிவிட்டது. சம்பளம் என்று அவர் கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்வது அந்தச் சொல்லுக்கே இழுக்கு. அதற்காக அவள் அங்கே இருக்கவில்லை. அவள் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவள். அவளுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, தற்காலிக விசாவைத் தவணைக்குத் தவணை நீட்டித்து வாழ்கிறவள். நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது. இங்கேயே இருந்தால், புறப்படும்போது நித்திரையில் விட்டுவந்த மகள் லக்சிகாவை அழைப்பிக்க முடியாது. நாலு வயதில் விட்ட பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். வவுனியாவில் சிற்றன்னையின் வீட்டில் வளர்கிற அந்தப் பிள்ளையின் முகத்தைக் கைத்தொலைபேசிக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதொன்றே பவளத்தின் உயிரைப் பிடித்துவைத்திருந்தது. அதை அறிந்துதான் வரதராஜா வாக்குக் கொடுத்திருந்தார்.

“எனக்குப் பழக்கமான எம்பி ஒராள் இருக்கிறார். நீர் அம்மாவைக் கடைசி மட்டும் பாரும். உம்மட கேஸை மினிஸ்டரிட்டக் கொண்டுபோறது என்ர பொறுப்பு.”

கடைசி மட்டும். கடைசி மூச்சுவரை. அந்தச் சொற்களைப் பற்றிக்கொண்டுதான் அவள் இரண்டு குளிர்காலங்களை அந்த வீட்டில் கழித்திருந்தாள்.

மிருணாளினி அம்மா ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். பின்னாளில் சீனத்தை ஆண்ட மஞ்சு இனத்து முதல் அரசர்களைப் பற்றி, குறிப்பாக நுர்ஹாசி என்பவனின் மனைவியருள் ஒருத்தியான மொங்கோவைப் பற்றி, ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். எழுத நினைத்த புத்தகம் எழுதப்படவில்லை. கைகள் ஓய்ந்தபின், கேட்பதற்கு வேறு ஆளில்லாததால், பின்னேரங்களில் பவளத்துக்குச் சொன்னார். பவளம் அவருடைய கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

“பதினாலு வயசில கட்டிக் குடுத்தவை. ரெண்டு பகுதியும் சமாதானமாயிருக்கவேணுமெண்டு. பிறகு அதே ரெண்டு பகுதியும் பகைச்சுக்கொண்டுது. இவள் நடுவில. ஒரு ஆம்பிளைப் பிள்ளை பெத்தாள். முப்பது வயசும் ஆகேல்ல, வருத்தம் வந்து படுக்கையில விழுந்திட்டாள். சாகமுந்தித் தாயைப் பாக்கவேணும் எண்டாள்.”

“தாய் வந்தவவோ, அம்மா?”

“தமையன் விடேல்ல. எதிரியின்ர வீட்டுக்கு எப்பிடி அனுப்புறது? தாய்க்குப் பதிலா ஒரு வேலைக்காரனை அனுப்பினவன்.”

பவளத்தின் கைகள் ஒரு கணம் நின்றன. எண்ணெய்ப் போத்தலை மூடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆனா புருசன் நல்லாத் துக்கப்பட்டவன்,” என்றார் கிழவி. அவருடைய குரலில் ஒரு பெருமிதம், தமக்கே நேர்ந்த மரியாதையைச் சொல்வதுபோல். “ஒரு மாசத்துக்கு மேல குடியுமில்லை, இறைச்சியுமில்லை. பிரேதத்தை வளவுக்குள்ளயே மூண்டு வருசம் வைச்சிருந்தவன். அவளைப் பாத்த நாலு வேலைக்காரியளையும் அவளோடயே அனுப்பினவன்.”

“எங்கயம்மா அனுப்பினவன்?”

“எங்கயோ? அவள் போன இடத்துக்குத்தான். அங்கயும் ஆராவது தலை இழுத்துவிட வேணுமே!” கிழவி இருமலோடு சிரித்தார்.

“அவையின்ர பேர் என்ன?”

“உனக்கென்ன விசரே? அரசியைப் பற்றியே நாலு வரிதான் கிடக்கு. வேலைக்காரியளின்ர பேரை ஆர் எழுதிவைச்சது? எப்பிடிச் செத்ததெண்டும் இல்லை. துணைக்குப் போறவளை முதல்ல இருத்திவைச்சு மற்றவை விழுந்து கும்பிடுறது அவையின்ர வழக்கமாம். தேய், தேய். குளிருது.”

நாற்பது ஆண்டுகள் கற்பித்த பெண்மணி! கொன்றவனின் துக்கத்துக்கு இரங்கத் தெரிந்தவருக்குக் கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு பெருமூச்சு விடத் தெரியவில்லை. பவளம் தேய்த்தாள். அந்த நால்வரும் இப்படித்தானே தேய்த்திருப்பார்கள் என்று எண்ணினாள். அவர்களுக்கும் எங்காவது பிள்ளைகள் இருந்திருக்குமோ என்று எண்ணினாள். அவர்களை அப்படி எண்ணிப் பார்த்த மனிதப்பிறவி வெகுகாலத்துக்குப்பின் தான் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கு மறுநாள்தான் தலை வாரப்பட்டிருந்தது.

முதலில் அது உதவியாகவே இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோய்த்துக் குவித்த துணிகளை மடிக்கப் போனால் அவை மடிக்கப்பட்டிருந்தன, அவள் மடிக்கிற விதத்திலன்று, நீளவாட்டில் இறுகச் சுருட்டி. கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்க அவள் ஒரு தோளைத் தூக்கும்போது மறுதோள் தானாகவே எழுந்தது; இரண்டு குளிர்காலங்களாக அவளுடைய இடுப்பை முறித்த அந்தப் பாரம், காற்றடைத்த தலையணைபோல் இலேசாயிற்று. ஒருவரும் ஒருநாளும் கைகொடுக்காத வாழ்க்கையில் கைகொடுப்பது யாரென்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. களைப்பில் நானே செய்துவிட்டு மறந்திருப்பேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பின்பு ஒலிகள் வந்தன. கிடங்குகளில் லொறிகள் பின்னோக்கி நகரும்போது எழுப்பும் விட்டுவிட்டு ஒலிக்கும் கூவலுக்கும், வெற்றுக் காணிகளைக் கடந்து வந்து கூரைத் தகட்டை உலுக்கும் காற்றுக்கும் அடியில், கூர்ந்து கேட்டால் மட்டும் புலப்படுகிற மெத்தென்ற காலடிகள். தோலில் தைத்த மிதியடிகள் விரிப்பின்மீது படிந்து படிந்து, நடையின் ஒரு முனையிலிருந்து நோயாளியின் கதவுவரை வந்து, அங்கே நின்றுவிடும். திரும்பிச் செல்லும் ஓசை கேட்டதேயில்லை.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம். தென்கோளத்து ஆடி மாதக் குளிரில் ஐந்து மணி தாண்டியதுமே வெளிச்சம் வற்றிவிடுகிறது. பவளம் கிழவிக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முற்றத்துப் பக்கத்துக் கண்ணாடிக் கதவின் திரை இழுக்கப்படவில்லை. வெளியே இருள், உள்ளே விளக்கு, ஆகவே கண்ணாடியில் அறை தெரிந்தது. கட்டில் தெரிந்தது. குனிந்து நிற்கும் அவள் தெரிந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி குனிந்து நின்றாள்.

கால்மாட்டில் ஒருத்தி. தலைமாட்டில் இருவர். தடித்த நீண்ட அங்கிகள். சுருட்டி முடிந்த கூந்தல். முகங்கள் இருந்த இடத்தில், துணியால் அழுத்தித் துடைத்தாற்போன்ற வெறுமை. எழுதப்படாத முகங்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தாள். கட்டிலில் கிடப்பவரை அவர்கள் பார்க்கவில்லை. நான்கு தலைகளும் மெல்லத் திரும்பின. அவளை நோக்கி.

மறுநாள் காலையிலேயே அவள் வரதராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“ஐயா, இஞ்ச ஏதோ சரியில்லை. நான் இண்டைக்குப் பின்னேரம் மட்டும் ஸ்பிரிங்வேலில தெரிஞ்ச ஆக்களிட்டப் போயிட்டு வாறன்.”

“விளையாடுறீரே? இண்டைக்குச் சங்கத்து ஆண்டு விழா. எனக்குக் கௌரவிப்பு. அம்மாவை ஆர் பாக்கிறது? போறதெண்டால் போம். ஆனா எம்பியிட்ட நான் கதைக்கமாட்டன். மகளை அங்கயே இருக்கச் சொல்லும்.”

அவள் போகவில்லை.

பிற்பகலில் கிழவியின் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, மறந்துபோனதை நினைத்துக்கொண்டதுபோல் மீண்டும் இழுத்தது. பவளம் வரதராஜாவைத் திரும்பத் திரும்ப அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. கோப்பையில் பால் கொண்டுவந்து, தேவாரம் சொல்லி, பெற்ற மகன் பருக்க வேண்டிய பாலைக் கரண்டியால் அவள் பருக்கினாள். பாதி உள்ளே போயிற்று. பாதி கடைவாயால் வழிந்தது. வழிந்ததைத் துடைக்கத் துணியைத் தேடி நீட்டிய கையில் துணி வைக்கப்பட்டது.

கிழவி கண் திறந்தார். பவளத்தின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தார். பயந்த முகமில்லை அது. விருந்தினரை எண்ணிப் பார்க்கும் வீட்டுக்காரியின் முகம்.

“நாலு பேரும் அந்த அரசியின்ர ஆக்கள்தான். என்னட்டை ஆருமில்லை,” என்றார் தெளிவாக. பிறகு: “நீ வருவியே, பவளம்?”

பவளத்தின் நாக்கு எழுந்தது. பற்களைக் கடித்து அதை அடக்கினாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பிள்ளை, வருவியே?”

உதடுகளில் இரத்தத்தின் சுவை. பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. அந்த ஓய்ந்த கை அசைந்து அவளுடைய சேலையைப் பற்ற முயன்றது. பற்ற முடியவில்லை. மூச்சு இழுத்தது. நின்றது. பிறகு மீண்டும் இழுக்க அதற்கு நினைவு வரவில்லை.

வரதராஜா அப்போதுதான் திருப்பி அழைத்தார். பின்னால் மேளமும் கைதட்டலும் கேட்டன.

“போயிட்டாவோ?” பவளம் சொல்லி முடிக்குமுன் அவர் கேட்டார். “சரி. ஆம்புலன்ஸுக்கு ஒண்டும் அடிக்காதேயும். தெரிஞ்ச டொக்டரைக் கூட்டிக்கொண்டு நானே வாறன். கொஞ்ச நேரம் செல்லும். பிரேதத்தைத் தனிய விடக்கூடாது, கண்டீரோ? அது எங்கட முறை. நான் வாற மட்டும் பக்கத்தில இரும். துணைக்கு.”

துணைக்கு. உயிரோடிருந்த தாய்க்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு மணி நேரம் துணையிருக்காதவர், பிரேதத்தின் தனிமைக்காக முறை பேசினார். பவளம் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நின்றாள். இருப்பதா, போவதா? இருந்தால் மகள். போனால்… போனால் உயிர். உயிரிருந்தால் வேறு வழி தேடலாம். மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கலாம். இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருக்கலாம். மகளுக்கு வேண்டியது அமைச்சரின் கடிதமன்று, தாய்.

அதை அவள் முடிவு செய்தபோது அறையின் வாடை தடித்தது. புகை. கம்பளி. குதிரை.

பையை எடுத்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து நடைக்கு வந்தாள். பிறகு திரும்பி விரைந்தாள். முன்கதவின் பூட்டைத் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தின் சன்னலில் மஞ்சள் வெளிச்சம். யாரோ வெங்காயம் வதக்கும் மணம். ஒரு குழந்தை சிணுங்கும் ஒலி. தெரு ஈரத்தில் பளபளத்தது. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே. இன்னொரு கால் உள்ளே.

“பவளம்!”

“வாறன் அம்மா.”

சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவளுடைய காது கேட்டது. கேட்ட பிறகுதான், கூப்பிட்டவர் உயிரோடில்லை என்பது நினைவு வந்தது. வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பயன்?

கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. உறங்கும் நோயாளியை எழுப்பிவிடாமல் வேலைக்காரிகள் சாத்துவதுபோல், பிடியைத் திருகி, மெல்ல.

விளக்குகள் அணைந்தன. முன்கூடம். நடை. குசினி.

நோயாளியின் அறையில் மட்டும் ஒரு வெளிச்சம் இருந்தது, மின்விளக்கன்று. கொழுப்பில் எரியும் திரியின் செம்மை. அவளுடைய கால்கள் அதை நோக்கி நடந்தன. இரு பக்கமும் கைகள். முழங்கைக்கு அடியில், பரிவோடு. காய்த்துப்போன உள்ளங்கைகள். தன்னுடையவை போன்றவை.

அவளைக் கதிரையில் இருத்தினார்கள். பிரேதத்தின் பக்கத்தில். சேலையின் தலைப்பைச் சரிசெய்தார்கள். நெற்றியின் வியர்வையை ஒற்றியெடுத்தார்கள். கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

மடியில் கைத்தொலைபேசி ஒளிர்ந்தது, வீடியோ அழைப்பு. லக்சிகா. விரல் தானாகத் தொட்டது.

“அம்மா! ரியூசன் முடிஞ்சு இப்பதான் வந்தனான். சரியான பசி… ஏனம்மா இருட்டுக்குள்ள இருக்கிறீங்கள்?”

பவளத்துக்கு முன்னால் ஓர் அங்கி சரசரத்தது. ஒருத்தி முழந்தாளிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. இன்னொருத்தி. நெற்றிகள் விரிப்பைத் தொட்டன. இந்த நாட்டில் கால் வைத்த நாள்முதல் அவளுக்கு முன்னால் ஒருவரும் தலை தாழ்த்தியதில்லை. கேட்கவே கூசுகிறது, ஆயினும் உண்மை: ஒரு கணம் அவளுக்கு அது இனித்தது.

மூவர்.

மூவர் மட்டுமே.

“அம்மா? ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்? உங்களுக்குப் பின்னால ஆரம்மா நிக்கிறது?”

பவளம் திரையைப் பார்த்தாள். மகளின் முகம். நெற்றியில் திருநீறு. கழுத்தில் சிவப்பு நூல். கலங்கிய கண்கள், அவளைக் கடந்து, மேலே எதையோ பார்க்கும் கண்கள்.

“கையில ஏதோ வைச்சிருக்கிறா. அம்மா, அது என்ன? கயிறோ? வில்லுக்குக் கட்டுறது மாதிரி… அம்மா, திரும்பிப் பாருங்கோ!”

பிள்ளை பார்க்கக் கூடாது. அதற்கு மட்டும் அவளிடம் பலம் மிச்சமிருந்தது. கைத்தொலைபேசியை மடியிலிருந்து தள்ளினாள். அது விரிப்பின்மீது கவிழ்ந்து விழுந்தது. அதன் விளிம்புகளில் வெளிச்சம் மெல்லிய கோடாய்க் கசிந்தது.

பின்னால் நின்றவள் அவளுடைய கூந்தலைப் பக்குவமாக ஒதுக்கினாள். கழுத்தில் ஏதோ பட்டது. குளிர்ந்தது. மெல்லியது.

“அம்மா!” என்று விரிப்புக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். “அம்மா! அம்மா!”

பவளம் வாயைத் திறந்தாள்.

முழந்தாளிட்டிருந்த மூவரும் தலை நிமிரவில்லை.